திருகோணமலையில் படகில் இரவு விருந்தும் கூத்தும்: நாற்பது பேருடன் செய்யலாமா?

கேள்வி
எழுதியவர்: உள்துறைமுக மகள்

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோரின் திருமணப் பொன்விழாவை எதிர்வரும் ஆகஸ்ட் நடுப்பகுதியில் திருகோணமலையிலேயே கொண்டாடத் தீர்மானித்திருக்கிறோம். ரொறன்ரோ, லண்டன், கொழும்பு ஆகிய இடங்களிலிருந்து வருகிறவர்களையும் சேர்த்து முப்பத்தெட்டுப் பேர் இருப்போம். அவர்களுள் ஏழு பேர் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள்; ஆறு பேர் எழுபதைக் கடந்தவர்கள்; பெரியம்மா ஊன்றுகோலுடன்தான் நடப்பார்.

மண்டபம் எடுத்து, மேடையில் இரண்டு கதிரை போட்டு, வரிசையில் நின்று படம் பிடித்துக்கொண்டு கலைந்து போகும் கொண்டாட்டம் வேண்டாம் என்பது அண்ணனின் எண்ணம். அவர் சில ஆண்டுகளுக்கு முன்னர் பாங்கொக்கில் சாவோ பிரயா ஆற்றில் இரவு விருந்துப் படகில் சென்று வந்தவர். இரண்டு மணித்தியாலப் பயணம், விளக்கொளியில் வாட் அருண் கோயில் கடந்து போவது, மேசையில் உணவு, ஒரு பக்கத்தில் தாய்லாந்தின் மரபு நடனம் என்று அவர் சொல்லச் சொல்ல, அதையே நம்முடைய கோணேசர் மலையடியில், நம்முடைய கூத்தோடு செய்தால் என்ன என்ற ஆசை எல்லோருக்கும் வந்துவிட்டது.

இதில் எனக்கென்று ஒரு காரணமும் உண்டு. அப்பா மூதூரில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். மூதூருக்குத் தரைவழியை எளிதாக்கிய கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படுவதற்கு முன்னரே ஓய்வு பெற்றுவிட்டதால், அவருடைய உத்தியோக காலம் முழுவதும் துறைமுகத்தைக் கடக்கும் லோஞ்சு என்ற இயந்திரப் படகிலேயே கழிந்தது. திங்கட்கிழமை விடியற்காலையில் சோற்றுப் பார்சலுடன் ஏறுவார். வெள்ளிக்கிழமை மாலையில் இறங்குவார். அம்மா எங்களையும் கூட்டிக்கொண்டு இறங்குதுறையில் காத்து நிற்பார். வாடைக் காலத்தில் லோஞ்சு பிந்தினால் அம்மா எங்களோடு ஒரு வார்த்தையும் பேசமாட்டார். அந்த மௌனத்தை நான் இன்னும் மறக்கவில்லை. இருவரையும் ஒன்றாக அந்த நீர்ப்பரப்புக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதே என் விருப்பம்.

திமிங்கிலம் பார்க்கச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச்செல்லும் ஒருவரிடம் பேசினோம். இரண்டு தட்டுள்ள படகு. ஐம்பது பேர் தாராளமாகப் போகலாம் என்கிறார். மாலை ஐந்தரை மணிக்குப் பின்குடாவில் ஏறி, கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையைக் கடல்வழியே சுற்றி, உள்துறைமுகத்துக்குள் நுழைந்து, இரவு ஒன்பது மணிக்கு இறங்குவது திட்டம். சாப்பிடும்போது மேல்தட்டில் பன்னிரண்டு பேர் கொண்ட கூத்துக் குழு ஒன்று ஒரு மணித்தியாலம் ஆடும். நிலவுக்காகப் போயா எனும் பௌர்ணமி தினத்தையே குறித்திருக்கிறோம்.

கடலையும் கூத்தையும் அறிந்தவர்கள் இத்திட்டத்தில் உள்ள குறைகளைத் தயங்காமல் சொல்ல வேண்டும். முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை.

பதில் 1
எழுதியவர்: பழைய லோஞ்சு

மகள், முற்பணம் கொடுக்கவில்லை என்று எழுதியிருப்பதைப் பார்த்தபின்தான் எனக்கு நிம்மதி வந்தது. உங்கள் திட்டத்தை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நீங்கள் முப்பத்தெட்டுப் பேர், கூத்தர் பன்னிருவர், பரிமாறுவதற்கு நால்வரேனும் வேண்டும், படகில் வேலை செய்வோர் மூவர். ஐம்பது பேருக்கான படகில் இப்போதே ஐம்பத்தேழு பேர் ஏறிவிட்டார்கள். அதற்கு மேல் சோற்று அண்டா, கறிச் சட்டி, குளிர்பானப் பெட்டி, மின்பிறப்பாக்கி, ஒலிபெருக்கி. ‘தாராளமாக’ என்பது படகுக்காரர் வாயால் சொல்லும் அளவு. அவருடைய படகின் சான்றிதழில் எத்தனை பேர் என்று எழுதப்பட்டிருக்கிறது, அந்தச் சான்றிதழ் இன்னும் காலாவதியாகாமல் இருக்கிறதா, இருட்டிய பின் பயணிகளை ஏற்றிச்செல்ல அதில் அனுமதியுண்டா என்பதைத் தாளில் பார்த்த பின்னரே மற்றப் பேச்சு.

அதைவிட எனக்குக் கவலை தருவது மேல்தட்டுக் கூத்துத்தான். படகில் பாரம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அந்தப் பாரம் எந்த உயரத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. கீழே இருக்கவேண்டிய பாரம் மேலே ஏறினால், ஒரு பக்கம் சாய்ந்த படகு நிமிர்ந்து வருவதற்கு நேரமெடுக்கும். ஒரு அளவைத் தாண்டினால் நிமிரவே நிமிராது. ஆட்டம் நடக்கும்போது பிள்ளைகள் ஒரு பக்கம் குவிவார்கள், கோயில் தெரிகிறது என்று யாராவது சத்தமிட்டால் எல்லோரும் கைத்தொலைபேசியோடு மறுபக்கம் ஓடுவார்கள். கேரளத்தின் தேக்கடியில் 2009 செப்டெம்பரில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தது, கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கத்துக்கு நகர்ந்தபோதுதான். அதே மாநிலத்தில் தானூரில் 2023 மே மாதம் 22 பேரைப் பலிகொண்டது, மீன்பிடிப் படகை மாற்றியமைத்துக் கட்டிய உல்லாசப் படகு. அதுவும் இருட்டிய பிறகு, அளவுக்கு மேல் ஆளேற்றிக்கொண்டு போனது. அவ்வளவு தூரம் போவானேன், 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் ‘பாதை’ என்ற மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனதை நம்முடைய ஊரில் யார் மறந்திருப்பார்கள்? உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த மூன்றிலும் நீர் கொந்தளிக்கவில்லை, புயலும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இனிப் பாதை. பாங்கொக் ஆற்றைக் கண்டவருக்குச் சுவாமி மலையைச் சுற்றுவதும் அதுபோலத்தான் என்று தோன்றும். ஆறு வேறு, கடல் வேறு. ஆகஸ்டில் கச்சான் காற்று இன்னும் ஓய்ந்திருக்காது. அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் பின்குடாவின் ஓரம் குளம்போலக் கிடக்கும். மணலில் நின்று பார்க்கிறவர், இதுவல்லவோ கடல் என்பார். மலையைத் தாண்டி வெளியே போகப் போக அந்தக் காற்றே சிற்றலையை எழுப்பும். மலையடியில் மோதித் திரும்பும் அலையும் அதனோடு சேர்ந்துகொள்ளும். படகு ஓடும்போது அது பெரிதாகத் தெரியாது. சாப்பாட்டுக்கென்று இயந்திரத்தை நிறுத்தினீர்களோ, படகு அலைக்குப் பக்கவாட்டாகத் திரும்பித் தொட்டில்போல ஆடத் தொடங்கும். அரைமணி நேரத்தில் சாப்பாட்டை யாரும் தொடமாட்டார்கள்.

ஆகவே வெளிக்கடலை விட்டுவிடுங்கள். உள்துறைமுகத்தில் ஏறி உள்துறைமுகத்திலேயே இறங்குங்கள். உலகம் வியக்கும் இயற்கைத் துறைமுகத்தை வாசலில் வைத்துக்கொண்டு வெளியே போய் ஆடுவானேன்? சாப்பிடும் நேரத்தில் படகின் முன்பக்கமான அணியத்திலிருந்து நங்கூரமிட்டு நிற்கச் சொல்லுங்கள்; அப்போது படகு காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும், உருட்டல் குறையும். எங்கெங்கே போகலாம், எங்கே கடற்படையின் எல்லை தொடங்குகிறது என்பதைப் படகுக்காரர் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும். டொக்யாட் என்ற கடற்படைத் தளத்தின் பக்கமாகக் கமராவைத் திருப்ப வேண்டாம் என்று லண்டன் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

நேரம்: ஆகஸ்ட் நடுப்பகுதியில் சூரியன் 6.20 அளவில் மறையும். அடுத்த இருபது இருபத்தைந்து நிமிடத்தில் நன்றாக இருட்டிவிடும். ஐந்தரைக்கு ஏறினால் வெளிச்சத்தின் பெரும்பகுதி ஏற்றுவதிலும் இருத்துவதிலும் போய்விடும். நாலே முக்காலுக்கு ஏறி, ஏழே காலுக்கு இறங்கிவிடுங்கள். இருட்டில் வலைகள் கிடக்கும். எல்லா வலைக்கும் விளக்கு இருக்காது.

உயிர்காப்பு அங்கி பெரியவர்களுக்கு இருந்தால் போதாது. ஏழு சிறுவர்களுக்கும் அவரவர் உடம்புக்கு ஏற்ற ஏழு அங்கிகள் வேண்டும். அங்கியைக் கதிரைக்கு அடியில் வைப்பதல்ல, ஏறும்போதே போட்டுக் கட்டுவது. பட்டுச் சேலைக்கு மேலா என்று யாராவது கேட்பார்கள். ஆம், பட்டுச் சேலைக்கு மேல்தான்.

பதில் 2
எழுதியவர்: சம்பூர் மத்தளம்

பழைய லோஞ்சு ஐயா கடலின் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் கூத்தின் பக்கத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மத்தளம் இருக்கிறது.

அக்கா, கூத்து என்பது களரிக்கான கலை. வட்டக்களரியின் நடுவில் கூத்தர் ஆட, சுற்றிலும் சனம் இருக்கும். வடமோடிக் கூத்து வகையின் துள்ளலுக்குக் கால் பதிய ஓர் உறுதியான தரை வேண்டும். சதங்கை கட்டிய காலை உயர்த்தித் தாளக்கட்டின் கடைசி அடியில் ஊன்றும் நேரத்தில் தரை இரண்டு விரலளவு கீழே போனால் என்ன ஆகும்? தாளம் தவறுவது சிறிய விடயம். ஆட்டக்காரரின் கணுக்கால் போய்விடும். உடுப்பையும் நினைத்துப் பாருங்கள். அரசருக்குக் கட்டும் கரப்புடுப்பு, கோழி மூடும் கரப்புக் கூடையைப் போலவே விரிந்து நிற்பது. கச்சான் அதற்குள் புகுந்தால் அரசர் பாய்மரமாகிவிடுவார். கிரீடத்துக்கு மேல்தட்டின் கூரை போதுமா என்பதையும் யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். சாப்பிடும்போது ஆடுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு விடுதியின் புல்வெளியில் விருந்து நேரத்தில் ஆட எங்கள் குழுவை அழைத்திருந்தார்கள். கூத்தின் ஆசானான அண்ணாவியார் காப்புப் பாடத் தொடங்கும்போது ஒரு பரிமாறுபவர் எங்களுக்கு முன்னால் குறுக்கே போனார். பிற்பாட்டு எழும்போது பின்னால் தட்டுகள் விழுந்து உடைந்தன. மத்தளத்தைவிடக் கரண்டிகளின் ஓசையே எனக்குக் கேட்டது. நாற்பது நிமிடத்தில், போதும், அடுத்து இசைக்குழு வருகிறது என்றார்கள். ஆடி முடித்தவர்கள் வேர்வை காயாமல் சமையலறையின் பின்பக்கம் நின்று சாப்பிட்டோம். பணம் பேசியபடி தந்தார்கள், அதில் குறையில்லை. ஆனால் அண்ணாவியார் வீடு வந்து சேரும்வரை ஒன்றும் பேசவில்லை.

சுருக்கி ஆடுவதை நான் எதிர்க்கவில்லை. விடிய விடிய ஆடிய கூத்துகளைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மேடைக்கென்று சுருக்கிச் செம்மைப்படுத்தியதனால்தான், கூத்தைப் படித்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அது பார்ப்பவர்கள் பார்ப்பதற்கென்றே இருந்து பார்த்த சுருக்கம். சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ளும் சம்பல் அல்ல.

நான் சொல்லும் மாற்று இது. கூத்தைக் கரைக்கு மாற்றுங்கள். படகால் இறங்கியவுடன் ஒரு வளவில் மணல் பரப்பி, ஒரு மணித்தியாலம் ஒரே ஒரு கட்டத்தை முழுமையாக ஆடச் சொல்லுங்கள். அதன்பின் எல்லோரும், ஆடியவர்களும் சேர்ந்து, சாப்பிடுங்கள். படகுக்கு வேறு கலை இருக்கிறது. கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்கிப் பாடுவார்கள்; கயிற்றை இழுக்கும் மூச்சுத்தான் அதற்குத் தாளம். அதற்கு ஒலிபெருக்கி வேண்டாம், உடுப்பு வேண்டாம், எழுந்து நிற்கவும் வேண்டாம். மூன்று நான்கு பேர் கீழ்த்தட்டில் இருந்தபடியே பாடுவார்கள். இயந்திரத்தை நிறுத்தி நங்கூரமிட்டிருக்கும் நேரத்தில் அந்தக் குரல் நீரின் மேல் போகிற தூரத்தை நீங்களே பார்ப்பீர்கள். பழைய மீனவர் சிலர் இன்னும் முழுமையாகப் பாடக்கூடியவர்கள். அவர்களைக் கலைஞர்களாக மதித்து அழைத்து, கூத்தருக்குப் பேசுவதைப்போலவே அவர்களுக்கும் சன்மானம் பேசுங்கள்.

பதில் 3
எழுதியவர்: விடுதிக்கணக்கு

சம்பூர் மத்தளத்தின் மனவருத்தம் நியாயமானது. எனினும் கலையைப் படகில் ஏற்றவே கூடாது என்பதுபோல முடிவெடுப்பதை நான் ஏற்கமாட்டேன். உப்புவெளியில் சுற்றுலாத் தொழிலில் இருக்கிறேன். ஆண்டில் நான்கைந்து மாதமே எங்களுக்குப் பருவம். கூத்தருக்கோ திருவிழாவை விட்டால் பருவமே இல்லை. எந்த மேடையையும் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே கலையை வீட்டுக்குள் வைத்துவிட்டோம். நீரின் மேல் இசை நமக்குப் புதிதும் அல்ல. கோணேசர் தெப்பத் திருவிழாவில் சுவாமியும் மாதுமை அம்பாளும் நாதஸ்வரம், தவில் முழங்கக் கடலில் எழுந்தருளுவதைப் பார்க்கக் கரை கொள்ளாத சனம் கூடுவதில்லையா? படகின் அளவுக்கு ஏற்ற கலையைத் தெரிவு செய்வதுதான் கேள்வி. ஓர் உடுக்கு, ஒரு சோடித் தாளம், இருந்து பாடும் இருவர் என்றால் எந்தப் படகும் தாங்கும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் நண்பர்களின் றபான் என்ற தோற்கருவியும் அப்படித்தான்; அவர்களுடைய கோலாட்டம் போன்ற களிகம்புக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றிவர இடம் வேண்டுமாகையால் அதையும் கூத்தோடு சேர்த்துக் கரையில் வைத்துக்கொள்ளலாம்.

சிறுவர்களுக்காக ஒரு யோசனை. நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டால் அவர்கள் கைத்தொலைபேசிக்குள் போய்விடுவார்கள். கதை சொல்லத் தெரிந்த ஒருவரை ஏற்றிக்கொள்ளுங்கள். சுவாமி மலையிலுள்ள பிளவான இராவணன் வெட்டில் தொடங்கலாம். கோயிலைப் போர்த்துக்கீசர் 1622இல் இடித்ததையும், அந்தக் கல்லிலேயே கோட்டை எழுந்ததையும், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் யப்பானிய விமானங்கள் இதே துறைமுகத்தின் மேல் குண்டு போட்டதையும், சீனக்குடாக் காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 இன்னும் நிற்பதையும் சொன்னால், பெரியவர்களே வாய் பிளந்து கேட்பார்கள். உங்கள் அப்பா ஆசிரியர் அல்லவா? வெளியாளைத் தேட வேண்டிய அவசியமே இல்லையோ என்று நினைக்கிறேன்.

போயா தினத்தைப் பற்றி ஒரு சொல். அன்று நாடு முழுவதும் மதுபான விற்பனைக்குத் தடை. உங்கள் வீட்டில் அது தேவையில்லை என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் அன்று விடுமுறையும் கூட. வீதியிலும் கடற்கரையிலும் கூட்டம் நிறைந்திருக்கும். நிலவுதான் வேண்டுமென்றால் போயாவுக்கு இரண்டு நாள் முன்னதாக வையுங்கள். போயா அன்று சூரியன் மறையும் நேரத்தில்தான் நிலவு கிழக்கே எழும்பும். உள்துறைமுகத்துக்குக் கிழக்கே மேடு இருப்பதால் அது உங்கள் கண்ணுக்குத் தெரிய இன்னும் பிந்தும். இரண்டு நாள் முன்னதாக என்றால், இருட்டும்போதே நிலவு மேலே ஏறி நிற்கும். ஏறக்குறைய முழு நிலவுதான், குறை யாருக்கும் தெரியாது.

பதில் 4
எழுதியவர்: அகப்பை

எல்லோரும் கலையையும் கடலையும் பேசுகிறீர்கள். சாப்பாட்டை யாரும் பேசவில்லை. நான் விசேட வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறவள். படகுக்கும் இரண்டு தடவை கொடுத்திருக்கிறேன். முதல் தடவை பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

சோறு, அறக்குளாக் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், இறால் பொரியல், சொதி, மூன்று மரக்கறி என்று கலியாண வீட்டுச் சமையலையே அனுப்பினேன். வாழையிலையில்தான் பரிமாற வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இலையை விரிக்கும்போதே காற்று அதைத் தூக்கியது. ஒவ்வொருவரும் ஒரு கையால் இலையை அமர்த்திக்கொண்டு மறு கையால் சாப்பிட்டார்கள். சொதி ஊற்றப் போன என்னுடைய பையன் படகு அசைந்தபோது ஒரு பெரியவரின் வேட்டியில் ஊற்றிவிட்டான். நல்ல காலம், சூடு ஆறியிருந்தது. அன்றிலிருந்து படகுக்கு நீர்க்கறி எதுவும் அனுப்புவதில்லை.

ஓடும் படகில் சமைக்கவோ எரிவாயு அடுப்பில் சூடாக்கவோ ஒருபோதும் விடாதீர்கள். படகில் கையால் எடுத்துச் சாப்பிடும் சிற்றுண்டி போதும்: வடை, றோல்ஸ், சுண்டல், பிள்ளைகளுக்குப் பிஸ்கட், மூடியுள்ள குவளையில் இஞ்சித் தேநீர். இஞ்சி குமட்டலுக்கும் நல்லது. கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் மத்தியானத்தில் எண்ணெய்ச் சாப்பாட்டைத் தவிர்த்துக் கொஞ்சமாகச் சாப்பிட்டு வரட்டும். முழு வெறும் வயிற்றோடும் வரக்கூடாது. பெரிய சாப்பாட்டைக் கரையில், கூத்து முடிந்தபின் வையுங்கள். அப்போது இடியப்பம், சொதி, சம்பல், நண்டுக் கறி எல்லாம் சூடாக வரும். முடிவில் மூதூர் அல்லது கிண்ணியா எருமைத் தயிரைச் சட்டியோடு வைத்து மேலே இனிப்புப் பாணி ஊற்றுங்கள். இருபத்திரண்டு ஆண்டு மூதூரில் இருந்தவருக்கு வேறு இனிப்பு எதற்கு?

ஒரு தயவு: கோணேசர் கோயில் தெரிகிற இடத்தில் படகை நிறுத்தி மச்சம் மாமிசம் பரிமாற வேண்டாம். பெரியவர்களுக்கு அது மனதுக்கு ஒவ்வாது; வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள், சாப்பிடவும் மாட்டார்கள். வருகிறவர்களில் முஸ்லிம் நண்பர்கள் இருந்தால் எண்ணிக்கையை முன்னதாகவே சமைப்பவரிடம் கொடுங்கள். குப்பைக்கு மூடியுள்ள வாளி இரண்டு கொண்டு போகவும். எங்கள் வளவுக் குப்பை அடுத்த நாள் கரைவலையில் ஏறக்கூடாது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: உள்துறைமுக மகள்

நால்வருக்கும் என் நன்றி. உங்கள் பதில்களைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அண்ணனோடும் படகுக்காரரோடும் மீண்டும் பேசினோம். சான்றிதழைக் கேட்டவுடன் அவருடைய ‘தாராளமாக’ குறைந்துவிட்டது. அதில் எழுதியிருந்த எண்ணிக்கை முப்பது. ஆகவே அவரை விட்டுவிட்டு, ஒரு தட்டு மட்டுமே உள்ள, உள்துறைமுகத்துக்குள் ஓடும் இரண்டு படகுகளை ஒழுங்கு செய்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் பத்தொன்பது பேரும் பாடகர் இருவருமாக ஏறுவோம். சான்றிதழின்படி இரண்டிலும் இன்னும் இடம் மீதமுண்டு.

நாளையும் மாற்றிவிட்டோம். போயாவுக்கு இரண்டு நாள் முன்னதாக வருவது வெள்ளிக்கிழமை. அப்பா லோஞ்சிலிருந்து இறங்கும் கிழமை அதுதான் என்பதை அண்ணன்தான் கவனித்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை என்பதால் நண்டுக் கறியை லண்டன்காரர்கள் மறுநாள்வரை பொறுக்க வேண்டியிருக்கும். அகப்பை அக்கா சொன்ன தயிர்ச் சட்டிக்கு மூதூரில் சொல்லியாகிவிட்டது. கூத்து, உறவினர் ஒருவரின் வளவில் ஏழே முக்காலுக்குத் தொடங்கும். சம்பூர் மத்தளத்துக்கு ஒரு வாக்குறுதி: கூத்து முடியும்வரை ஒரு தட்டும் வெளியே வராது. ஒலிபெருக்கிக்குப் பொலிசாரின் அனுமதி பெறுவதா என்று யோசித்தோம். முப்பத்தெட்டுப் பேருக்கு மத்தளமும் தொண்டையும் போதும் என்று அண்ணாவியார் சொல்லிவிட்டார்.

ஒரு விடயம் மட்டும் எதிர்பாராதது. ஏற்பாடுகளை அம்மாவிடம் சொன்னபோது, தான் அந்த லோஞ்சில் ஒருநாளும் ஏறியதில்லை என்றார். இருபத்திரண்டு ஆண்டுகளும் இறங்குதுறைவரைதான். ஒருநாளும் அப்பா கூப்பிடவில்லையா என்று கேட்டேன். “கூப்பிட்டவர்தான். உங்களை யார் பார்க்கிறது?” என்றார். இப்போது அவருக்கு இருக்கும் ஒரே பயம், படகுக்கும் துறைக்கும் இடையில் உள்ள அந்த இடைவெளி. பெரியம்மாவுக்கும் அதே பயம். ஊன்றுகோலுடன் எப்படி ஏற்றுவது என்பதை மட்டும் பழைய லோஞ்சு ஐயா சொல்லித்தர வேண்டும்.

பதில் 5
எழுதியவர்: பழைய லோஞ்சு

நல்ல ஏற்பாடு, மகள். நம்முடைய துறைமுகத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர் வித்தியாசம்கூட வராது. அதனால் துறைக்கும் படகுக்கும் உள்ள உயரம் எந்நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல்நாள் போய் அந்த உயரத்தை அளந்து பாருங்கள். கைபிடி உள்ள, வழுக்காத பலகை ஒன்றை அகலமாகப் போடச் சொல்லுங்கள். பலகையின் இரண்டு நுனியும் கட்டப்பட்டிருக்க வேண்டும். படகை முன்னும் பின்னும் இரண்டு கயிற்றால் துறையோடு இறுக்கிக் கட்டிய பிறகே ஒருவர் கால் வைக்கலாம். நாலே முக்காலுக்குப் புறப்படுவதென்றால் நாலு மணிக்கே பெரியவர்களை ஏற்றத் தொடங்குங்கள், பிள்ளைகள் கடைசியில். பெரியம்மா ஊன்றுகோலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் நிற்க, கைபிடியைப் பிடித்து நடக்கட்டும். தூக்கி ஏற்ற முயல வேண்டாம்; தூக்குகிறவரின் கால்தான் முதலில் வழுக்கும்.

உங்கள் அம்மாவை நடுப்பகுதியில், பின்புறத்துக்குக் கொஞ்சம் கிட்டவாக இருத்துங்கள். ஆட்டம் அங்கேதான் மிகக் குறைவு. அப்பா எந்தப் பக்கம் இருக்கப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும், மூதூர்ப் பக்கத்தில்தான். அவரையும் அம்மாவுக்குப் பக்கத்திலேயே இருத்திவிடுங்கள்.